யோசனை அக்கா தன் யோசனையை வாபஸ் வாங்கிய கதை

ஐம்பது கிலோ அழுத்தத்தில், இருநூற்றைம்பது டிகிரிச் சூட்டில் தண்ணீரை அடைத்து வைத்திருக்கும் இரும்புத் தூணுக்குப் பக்கத்தில் தினமும் எட்டு மணி நேரம் நிற்கிறவள், வீட்டில் குக்கர் விசில் அடித்தால் வாசலுக்கு ஓடிவிடுவாள். யாராவது சிரித்தால் அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தாள்.

"அங்க மூணு சேஃப்டி வால்வு, ரெண்டு மீட்டர், ஒரு இன்ஜினியர். இங்க என்ன இருக்கு? ஒரே ஒரு வெயிட்டு. அதுவும் உங்க தங்கச்சி வாங்கிக் குடுத்தது."

கணவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, போய் அடுப்பை அணைத்துவிட்டு வருவார். தங்கச்சியைப் பற்றிய பகுதிக்குப் பதில் சொல்ல மாட்டார். தெருவில் பாதிப் பேரின் சட்டையை அவர்தான் தேய்த்துக் கொடுக்கிறார். எதை அழுத்தித் தேய்க்க வேண்டும், எதன் மேல் பெட்டியை வைக்கவே கூடாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

தொழிற்சாலையில் அவளுக்கு யோசனை அக்கா என்று பெயர். அந்தப் பெயர் வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அதற்கு முந்திய பதினெட்டு வருடம் அவளுக்குப் பட்டப்பெயர் எதுவும் கிடையாது. ஆசிட் கொட்டகையில் வேலை செய்கிறவர்களுக்குப் பட்டப்பெயர் வைக்கிற அளவுக்கு அந்தப் பக்கம் யாரும் அதிக நேரம் நின்றதில்லை.

அந்தத் தொழிற்சாலையின் பிழைப்பு, கொழுப்பைப் பிரிப்பது. கொழுப்பு என்பது கூட்டுக் குடும்பம். நடுவில் கிளிசரின் என்று ஒரு ஆள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று கொழுப்பு அமிலங்கள். கையை விடுவித்துத் தனித்தனியாக்கினால் கொழுப்பு அமிலத்தை மெழுகுவர்த்தி ஆலை வாங்கிக்கொள்ளும். கிளிசரினுக்கு வேறு ஆள் லாரியோடு வருவார். பிரிக்காமல் விட்டால் இரண்டு பேரும் வாங்க மாட்டார்கள். குடும்பத்தைக் கலைத்துச் சம்பாதிக்கிற தொழில் என்று வக்கீல்களைச் சொல்வார்கள். இவர்கள் அதையே கொழுப்பில் செய்தார்கள்.

கொட்டகையில் இந்தக் காரியம் கந்தக ஆசிட்டை வைத்து நடந்தது. ஈயத்தகடு அடித்த ஆறு மரத்தொட்டிகள், மேலே திறந்தபடி. கொழுப்பு, தண்ணீர், ஆசிட் மூன்றையும் ஊற்றி, அடியில் நீராவி விட்டு, இரண்டு நாள் கொதிக்க விட வேண்டும். கொதிக்கிறபோது தெறிக்கும். தெறித்தது சட்டையில் பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. வீட்டுக்குப் போய் அலசினால் தெரியும். போட்டுக்கொண்டு போகும்போது சட்டை, துவைத்து எடுத்தால் சல்லடை. "ஊர்ச் சட்டையெல்லாம் என் கையால முழுசா போகுது, என் வீட்டுச் சட்டை மட்டும் இப்படி" என்று கணவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ஆவியை மூச்சில் இழுத்து இழுத்து அவளுடைய முன்பற்களின் நுனி தேய்ந்து போயிருந்தது. வருடம் ஒரு தடவை வருகிற டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "வேற வேலை பாருங்கம்மா" என்று எழுதிக் கொடுப்பார். அந்தச் சீட்டுகள் எட்டு சேர்ந்திருந்தன. சீட்டு இருந்தது, வேறு வேலைதான் இல்லை.

அப்படியிருக்கையில் நெட்டையன் வந்தான்.

இரண்டு மாடி உயரம், கை அகலக் கனத்தில் இரும்புச் சுவர், மூடியைச் சுற்றி முப்பத்திரண்டு போல்ட். முதலாளியம்மா அதைப் பழையதாக வாங்கியிருந்தார். முன்பு இருந்த இடத்தில் அது மக்காச்சோளத் தக்கையை வெந்நீரால் உடைத்துச் சர்க்கரையாக்கிக்கொண்டிருந்ததாம். அந்த ஆலை மூடியபோது, நெட்டையனோடு சேர்த்து அதை ஓட்டிய இன்ஜினியரும் வந்து சேர்ந்தார். முப்பது வயது, ஒல்லி, தண்ணீர் மேல் அசைக்க முடியாத பக்தி. முதல் நாளே எல்லாரையும் கூட்டி வைத்துக்கொண்டு கேட்டார்:

"எண்ணெயும் தண்ணியும் ஒட்டாதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"எங்க மாமியார்" என்றார் பாய்லர்காரர். "எங்களைப் பத்திச் சொன்னாங்க."

இன்ஜினியர் சிரிக்கவில்லை. சாதாரணத் தண்ணீர்தான் ஒட்டாது என்றார். அதை அடைத்து வைத்துச் சூடேற்றினால் கொதிக்கவும் வழியில்லை, ஆவியாகி ஓடவும் வழியில்லை. இருநூற்றைம்பது டிகிரிக்குப் போகும்போது தண்ணீர் தன் குணத்தையே மறந்துவிடுகிறது; எண்ணெயோடு கலக்கிறது, உள்ளே புகுந்து ஒவ்வொரு கையாக விடுவிக்கிறது. ஆசிட் ஒரு சொட்டு வேண்டாம். இரண்டு நாள் வேண்டாம், மூன்று மணி நேரம் போதும்.

"வெறும் தண்ணியா?" என்று பின்னாலிருந்து அக்கா கேட்டாள்.

"வெறும் தண்ணி."

பதினெட்டு வருடமாகச் சட்டையில் ஓட்டை வாங்கிக்கொண்டிருந்தவளுக்கு இதைக் கேட்டுச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். அவளுக்குக் கோபம் வந்தது. வெறும் தண்ணிதான் என்றால் இத்தனை நாள் யாரைக் கேட்டு ஆசிட்?

முதல் தடவை ஓட்டியபோது பட்டறை முழுக்கக் கருகின சர்க்கரை வாடை. தக்கை காலத்து மிச்சம். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு கொழுப்பு பிரிந்திருந்தது. மெழுகுவர்த்தி ஆலை கேட்டது தொண்ணூற்றேழு. பிரியாத கொழுப்பு இருந்தால் மெழுகுவர்த்தி வளைந்து போகும், புகையும். "முதல் தடவையே தொண்ணூத்தாறுன்னா, பழகப் பழக எங்க போய் நிக்கும் பாருங்க" என்றார் இன்ஜினியர். எங்கே போய் நின்றது என்பதைத்தான் இனிச் சொல்லப்போகிறோம்.

நெட்டையனுக்கு நான்கு பேர் போதும். கொட்டகையில் பத்துப் பேர் இருந்தார்கள். அக்காவை எடுக்கவில்லை. ஆனால் டீ நேரத்தில் அவள் போய் வேடிக்கை பார்ப்பாள். மூன்று மணி நேரம் வெந்த பிறகு உள்ளே இருப்பது இரண்டாகப் பிரிந்து நிற்கும்: மேலே கொழுப்பு அமிலம், அடியில் கிளிசரின் கரைந்த தண்ணீர். அதற்குத் தொழிலில் இனிப்புத் தண்ணீர் என்று பெயர். நாக்கில் வைத்தால் உண்மையிலேயே இனிக்கும். அடியில் வால்வைத் திறந்து அதை ஒரு தொட்டியில் விடுவார்கள். புகைந்துகொண்டு, சுடச்சுட, வீணாக ஆறும்.

கொட்டகையில் வெந்நீரைக் கொட்டுவது பாவம். ஒரு தொட்டியில் கடைசியாகக் கொதித்த தண்ணீரை அடுத்த தொட்டியின் முதல் கொதிக்கு ஊற்றுவார்கள், அதுதான் முறை. அக்கா ஒரு தாளில் எழுதினாள்: "நெட்டையனிலிருந்து இறங்குகிற சுடுதண்ணீரையே திரும்ப நெட்டையனுக்கு ஏற்றினால் விறகும் மிச்சம், தண்ணீரும் மிச்சம்." யோசனைப் பெட்டியில் போட்டாள். அந்தப் பெட்டியில் அதுவரை இருந்தது, டீயில் பால் சேர்க்கக் கோரும் ஒரு மனுவும் யாரோ போட்ட மிட்டாய்க் காகிதமும்தான்.

யோசனையைப் படித்ததும் முதலில் துள்ளியது இன்ஜினியர். அவர் சர்க்கரைப் பள்ளியில் படித்தவர். தக்கையில், அதே தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுற்ற விட்டால் இனிப்பு ஏறிக்கொண்டே போகும். இனிப்பு ஏற ஏற வெற்றி. கிளிசரின் வாங்குகிறவரும் துள்ளினார்: தண்ணீர் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது. பாய்லர்காரர் துள்ளவில்லை, ஆனால் அன்றைக்கு அவர் அடுப்பில் விறகு பாதியாகக் குறைந்தது. முதலாளியம்மா போட்டோ எடுக்கச் சொல்லி, சட்டம் போட்டு, அலுவலகச் சுவரில் மாட்டினார். படத்தில் அக்கா வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். கூடவே உத்தரவும் வந்தது: இனி நெட்டையன் பக்கம் வேலை.

முதல் மாதம் கணவர் அவளுடைய சட்டையைத் தேய்த்துவிட்டு, தூக்கிப் பார்த்துவிட்டு, மறுபடி தூக்கிப் பார்த்தார். "என்ன இது, ஒண்ணுமே இல்ல?" என்றார் ஏமாந்தவர் மாதிரி.

எல்லாம் சுபம் என்று இங்கே நிறுத்தியிருக்கலாம். கணக்கு நிற்கவில்லை. தொண்ணூற்றாறு, தொண்ணூற்று நான்காயிற்று. பிறகு தொண்ணூற்றிரண்டு. மெழுகுவர்த்தி ஆலையிலிருந்து சோதனை அம்மா வந்தார்: கண்ணாடி, கைப்பெட்டி, அதற்குள் சொந்தக் குடுவை. அடுத்தவர் குடுவையை நம்பாதவர். முதல் சோதனையில் தொண்ணூற்றொன்று. மூன்று வாரம் கழித்து இரண்டாவது சோதனையில் எண்பத்தொன்பது. "மூணாவதுதான் கடைசி" என்று சொல்லிவிட்டுக் குடுவையைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார்.

இன்ஜினியர் சூட்டை ஏற்றினார். இருநூற்றைம்பத்தைந்து. இருநூற்று அறுபது. மூன்று மணி நேரம் நான்காயிற்று. கொழுப்பு கடுங்காப்பி நிறத்தில் இறங்கியதே தவிர, எண் ஏறவில்லை. இனிப்புத் தண்ணீர் மட்டும் நாளுக்கு நாள் கெட்டிப்பட்டது. மீட்டரில் அதைப் பார்த்து இன்ஜினியர் தன்னைத் தேற்றிக்கொண்டார்: "இனிப்பு ஏறுது. வழி சரிதான்."

முதலாளியம்மா சுருக்கமாகப் பேசுகிறவர். "வெள்ளிக்கிழமை சோதனையில தேறலைன்னா நெட்டையனை எடைக்குப் போட்டுடறேன். கொட்டகையத் திறங்க."

அக்காவின் யோசனைக்குப் பிறகு கொட்டகையை மூடிவிட்டிருந்தார்கள்; ஆனால் தொட்டிகளை உடைத்திருக்கவில்லை. மேலே தார்ப்பாய் போட்டு மூடித்தான் வைத்திருந்தார்கள். கொட்டகைக்குத் திரும்ப வேண்டியவர்கள் பட்டியலில் முதல் பெயர் யாருடையது என்று அக்காவுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதன்கிழமை காலை வேலைக்கு வரும்போது தார்ப்பாயின் ஒரு மூலையைக் காற்று தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தது. அவள் போய் ஒரு செங்கல்லை எடுத்து அதன் மேல் வைத்துவிட்டு வந்தாள்.

அன்றைக்குத்தான் எறும்பு அவளை யோசிக்க வைத்தது.

நெட்டையனுக்குள் தண்ணீரை ஏற்றுகிற பம்பு ஒன்று, கொழுப்பை ஏற்றுகிற பம்பு ஒன்று, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. தண்ணீர்ப் பம்பில் கொஞ்சம் கசிவு. சொட்டு தரையில் விழுந்து ஆறும். அந்தச் சொட்டுக்குக் கதவிடுக்கிலிருந்து கறுப்பு நூல் மாதிரி ஒரு வரிசை. ஒரு வாரமாக அவள் பெருக்கித் தள்ளிக்கொண்டுதான் இருந்தாள்.

"அண்ணே, டீயை இங்க கொட்டினது நீங்கதானே?"

"நான் குடிக்கிறது சக்கரை இல்லாத டீ" என்றார் பாய்லர்காரர். "டாக்டர் உத்தரவு. எறும்புக்கு என் மேல ஒரு ஆசையும் கிடையாது."

"அப்ப தண்ணி பம்புக்கு எதுக்கு எறும்பு? கொழுப்பு பம்பை ஒண்ணுகூட எட்டிப் பாக்கலையே."

"நீ யோசனைக்காரி. யோசி."

அவள் குனிந்து சொட்டைத் தொட்டாள். விரலும் விரலும் ஒட்டிக்கொண்டன. நாக்கில் வைத்தாள். இனித்தது. இனிப்பதில் அதிசயம் இல்லை, அவள் சொன்னபடிதானே திரும்ப ஏற்றுகிறார்கள். ஆனால் இது இவ்வளவா இனிக்கும்? மத்தியானம் அடி வால்வைத் திறந்தபோது, வெளியே வந்த தண்ணீரில் ஒரு மூடி பிடித்து ஆற வைத்து, அதையும் நாக்கில் வைத்தாள். மறுபடி பம்புச் சொட்டு. மறுபடி மூடி.

"என்ன, விருந்து பலமா நடக்குது?" என்றார் பாய்லர்காரர்.

"உள்ள போற தண்ணியும் வெளிய வர்ற தண்ணியும் ஒரே ருசியா இருக்குண்ணே."

"அப்ப நல்லதுதானே?"

நல்லதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைக்குப் போகும்போது பை எவ்வளவு கனமோ, திரும்பி வரும்போதும் அவ்வளவே கனம் என்றால், கடையில் ஒன்றும் வாங்கவில்லை என்று அர்த்தம். நான்கு மணி நேரம் நெட்டையனுக்குள் போய்விட்டு வந்த தண்ணீர், எதையும் வாங்காமல் வந்திருக்கிறது. ஏன்?

இந்தக் கேள்வியோடு வீட்டுக்குப் போனால் அங்கே நாத்தனார் பிரச்சனை. திங்கட்கிழமை ஒரு பையோடு வந்து இறங்கியவள். "இனிமே அந்த ஆளோட ஒரு நிமிஷம் இருக்க மாட்டேன் அண்ணா." கணவர் ஒரு முடிவுக்கு வருவதற்குள் செவ்வாய்க்கிழமை அந்த ஆளே இன்னொரு பையோடு வந்துவிட்டார், வீட்டில் தனியாக இருக்கப் பயமாம். வீடு என்பது பத்துக்குப் பத்து அறை ஒன்று, அலமாரி அகலத்தில் சமையல் இடம் ஒன்று. செவ்வாய் இரவு ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் படுத்தார்கள். புதன் சாயங்காலம் அக்கா உள்ளே நுழைகிறபோது, நாத்தனார் தன் வீட்டுக்காரர் காலில் தைத்த முள்ளை ஊசியால் எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் தேவைக்கு அதிகமாகவே முனகிக்கொண்டிருந்தார்.

கணவர் அக்காவைச் சமையல் பக்கம் இழுத்து, குசுகுசுவென்று சொன்னார்: "ரெண்டு பேரும் சேந்துட்டாங்க போல. நான்தான் நாலு வார்த்தை நல்லதா சொன்னேன்."

"நீங்க சொன்னதால இல்ல. பிரிஞ்சு வந்தவளை அதே ஆளோட பத்துக்குப் பத்து ரூம்ல அடைச்சு வச்சா வேற என்ன ஆகும்? பிரிஞ்சது பிரிஞ்சபடி நிக்கணும்னா ஒருத்தரையாவது வெளியூர் அனுப்பி..."

தண்ணீர்ச் செம்பு கையில் பாதி வழியில் நின்றுவிட்டது.

"அனுப்பி?" என்றார் கணவர், தங்கச்சியை நினைத்துக் கலங்கி.

"அய்யோ" என்றாள் அக்கா. "நான்தான் திரும்பக் கூட்டிட்டு வந்து விட்டேன்."

"யாரை? மச்சானையா?"

"கிளிசரினை."

நெட்டையன் ஒழுங்காகத்தான் பிரித்துக்கொண்டிருந்தான். ஆனால் பிரிந்து வெளியே போன கிளிசரினை, சுடச்சுட, மரியாதையாக, மறுபடி அதே அறைக்குள் கூட்டிவந்து விட்டது யார்? உள்ளே அத்தனை கிளிசரின் நின்றால், கை விட்ட அமிலம் சும்மா இருக்குமா? மறுபடி கையைப் பிடித்துக்கொள்ளும். ஒரு பக்கம் பிரிவு, மறு பக்கம் சேர்க்கை. சூட்டை ஏற்றினால் இரண்டும் வேகமாக நடக்கும், அவ்வளவுதான்.

கொட்டகையில் அந்த முறை ஏன் சரியாக இருந்தது என்பதும் புரிந்தது. அங்கே ஒவ்வொரு தொட்டிக்கும் இரண்டு கொதி. பழைய தண்ணீர் முதல் கொதிக்கு மட்டும்தான். அதை இறக்கிவிட்டு, இரண்டாவது கொதிக்குக் கட்டாயம் நல்ல தண்ணீர். அவள் எழுதிய தாளில் முதல் பாதி இருந்தது, இரண்டாம் பாதி இல்லை. கொட்டகையில் எல்லாருக்கும் தெரிந்ததை யார் எழுதுவார்கள்? தக்கையில் படித்த இன்ஜினியரோ, இனிப்பு ஏறுவதைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார். இரண்டு தொழிலின் இரண்டு நல்ல பழக்கங்கள் சேர்ந்து ஒரு தப்பைப் பெற்றெடுத்திருந்தன.

அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. சொன்னால் என்ன ஆகும்? அவளைக் கொட்டகையிலிருந்து வெளியே கொண்டுவந்தது அந்த யோசனை. அது தப்பு என்றால் அவள் எந்த உரிமையில் அங்கே நிற்கிறாள்? சொல்லாவிட்டாலும் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு கொட்டகைதான். சொன்னால் ஒருவேளை நெட்டையன் பிழைப்பான், அவள் மட்டும் கொட்டகைக்குப் போவாள். இல்லை, நெட்டையன் பிழைத்தால் கொட்டகையே கிடையாது, அப்போது வீட்டுக்கு. எந்தப் பக்கம் கூட்டினாலும் கணக்கு உதைத்தது.

"என்ன யோசனை?" என்றார் கணவர்.

"அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க."

வியாழக்கிழமை காலை இன்ஜினியரிடம் போனாள். தனியாக இருக்கும்போது அவரைத் தம்பி என்பாள்; ஆள் இருந்தால் சார்.

"தம்பி, என் யோசனை தப்பு."

"எந்த யோசனை?"

"ஒண்ணுதானே சொன்னேன். உள்ள போற தண்ணியும் வெளிய வர்ற தண்ணியும் ஒரே ருசி."

"ருசியா? அக்கா, நாம மீட்டர் வச்சிருக்கோம்."

"வெளிய வர்ற தண்ணிக்கு வச்சிருக்கீங்க. உள்ள போற தண்ணிக்கு வச்சீங்களா?"

இன்ஜினியர் மீட்டரை எடுத்துக்கொண்டு பம்புப் பக்கம் போனார். திரும்பி வரும்போது அவர் முகம் சோளத் தக்கை நிறத்தில் இருந்தது.

"ஆனா தக்கையில இது வராதே" என்றார், தனக்குத்தானே வாதாடுகிறவர் போல. "உடைஞ்சு வந்த சக்கரை திரும்பப் போய் தக்கையில ஒட்டாது."

"தக்கை வேற. இது குடும்பம்."

அவள் நாத்தனார் விவகாரத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். இன்ஜினியர் தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "புத்தகத்துல இருக்கு. எனக்குத் தெரியும். பரீட்சையில எழுதியிருக்கேன்" என்றார். தெரிந்ததுதான் தெரியாமல் போகிறது. தெரியாததைத் தேடியாவது பார்ப்போம்.

அவரிடம் உள்ளங்கையில் அடங்குகிற இரண்டு குட்டி இரும்புக் குப்பிகள் இருந்தன, நெட்டையனின் பிள்ளைகள் மாதிரி. இரண்டிலும் ஒரே கொழுப்பு. ஒன்றில் தொட்டித் தண்ணீர், ஒன்றில் குழாய்த் தண்ணீர். ஒரே அடுப்பு, ஒரே நேரம். மத்தியானம் திறந்தார்கள். தொட்டித் தண்ணீர் எண்பத்தெட்டு. குழாய்த் தண்ணீர் தொண்ணூற்றாறு.

"ஒண்ணு குறையுது" என்றாள் அக்கா.

"முதல் நாளும் இதேதான் வந்துச்சு. அதுதான் உச்சம் போல."

"ஒரு கொதிக்கு அதுதான் உச்சம். வெந்ததும் இனிப்புத் தண்ணியை இறக்கிட்டு, மறுபடி நல்ல தண்ணி ஏத்தி ரெண்டாவது தடவை விட்டா? கொட்டகையில அப்படித்தான் பண்ணுவோம்."

இன்ஜினியர் நிமிர்ந்து பார்த்தார். "இதை ஏன் அப்பவே சொல்லல?"

"நீங்க கேக்கல. நானும் உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன். நீங்க படிச்சவரு."

இரண்டு கொதிக்கும் நல்ல தண்ணீர் என்றால் விறகு இரட்டிப்பு. அதற்கு முதலாளியம்மா சம்மதிக்க வேண்டும். அலுவலகத்தில் அக்காவின் போட்டோவுக்கு நேர் கீழேதான் நிற்க இடம் இருந்தது. பாய்லர்காரரும் விறகுக்காக வாதாட வந்து நின்றார்.

"சொல்லும்மா" என்றார் முதலாளியம்மா.

"நான் சொன்ன யோசனையாலதான் மேடம் எண் இறங்கிச்சு. அதை நிறுத்தணும்."

"ஒரு வருஷத்து விறகை மிச்சம் பண்ணினது அந்த யோசனை" என்றார் பாய்லர்காரர். "தொழிலாளியே தன் யோசனை தப்புன்னு சொல்றதை இப்பத்தான் மேடம் கேக்கறேன். காய்ச்சலா இருக்கும்."

"ஆறு மாசம்தான் ஆச்சுண்ணே."

"மிச்சமானது ஒரு வருஷத்து மாதிரி இருந்துச்சு."

முதலாளியம்மா போட்டோவைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். "இவர் தப்பா நீ தப்பா?" என்று இன்ஜினியரைக் காட்டிக் கேட்டார்.

இன்ஜினியர் முந்திக்கொண்டார். "பாதி பாதி மேடம்."

"நாளைக்கு வர்ற அம்மா பாதியெல்லாம் ஏத்துக்க மாட்டாங்க. பண்ணுங்க. ஆனா தேறலைன்னா, எல்லாருக்கும் முன்னாடி கொட்டகைக்குப் போறது நீதான்." இது அக்காவுக்கு.

"சரி மேடம்" என்றாள் அவள். எப்படியும் போவதாக இருந்தவளைப் போகச் சொல்லி மிரட்டுவது கஷ்டம்.

வெள்ளிக்கிழமை விடியும்போதே பாய்லர்காரர் அடுப்பை மூட்டியிருந்தார். முணுமுணுப்பு ஒரு பக்கம் இருந்தாலும், அழுத்தம் ஒரு முள்ளளவு இறங்கவிடவில்லை. திட்டிக்கொண்டே செய்கிறவர்கள்தான் உலகத்தில் பாதி வேலையை ஒழுங்காகச் செய்கிறார்கள். முதல் கொதி முடிந்ததும் அக்கா அடி வால்வைத் திறந்தாள். இனிப்புத் தண்ணீர் இறங்கி வேறு தொட்டிக்குப் போயிற்று; இந்தத் தடவை திரும்பி வரும் வழியில் இன்ஜினியரே இரும்புத் தகடு வைத்து போல்ட் போட்டிருந்தார். பிறகு குழாய்த் தண்ணீர், ருசியே இல்லாத தண்ணீர், உள்ளே ஏறியது. முள் நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது. நெட்டையனின் வயிற்றுக்குள் மெல்ல ஒரு உறுமல்.

மூன்று மணிக்குச் சோதனை அம்மா வந்து, பெட்டியைத் திறந்து, குடுவையைத் துடைத்தார். மாதிரியை எடை போட்டுக் கரைத்தார். மேலே நீளக் குழாயில், ஆசிட்டை முறிக்கிற காரம். அது சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். எவ்வளவு காரம் விழுந்த பிறகு குடுவை ரோஜா நிறமாகிறதோ, அதை வைத்து எவ்வளவு கொழுப்பு பிரிந்திருக்கிறது என்று கணக்கு. போன தடவை நிறம் சீக்கிரமே வந்துவிட்டது. அந்த அழகான நிறத்தை அன்றைக்கு அத்தனை பேரும் வெறுத்தார்கள்.

இந்தத் தடவை சொட்டு விழுந்தது, நிறம் வரவில்லை. போன தடவை நின்ற கோட்டைத் தாண்டியது. வரவில்லை. பாய்லர்காரர் மூச்சை விட மறந்து, பிறகு இரண்டாகச் சேர்த்து விட்டார். இன்ஜினியர் உதட்டில் எண்ணிக்கொண்டிருந்தார். இன்னொரு சொட்டு. குடுவைக்குள் ரோஜா நிறம் பளிச்சென்று வந்து, ஆட்டியதும் மறைந்தது. இன்னும் அரைச் சொட்டு. நின்றது.

சோதனை அம்மா தாளில் கணக்குப் போட்டார். நெற்றி சுருங்கியது. தாளைக் கசக்கிப் போட்டார். குடுவையைக் கழுவி, துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து, முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"என்ன மேடம்?" என்றார் முதலாளியம்மா. முதலாளியம்மா யாரையும் மேடம் என்று கூப்பிட்டு அங்கே யாரும் கேட்டதில்லை.

"இவ்வளவு வராதே."

இரண்டாவது தடவையும் அதேதான் வந்தது. காரத்தின் மேல் சந்தேகப்பட்டு வேறு பாட்டிலைத் திறந்தார். மூன்றாவது தடவையும் வந்தது. வேறு வழியில்லாமல் அவர் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்: தொண்ணூற்றெட்டு புள்ளி மூன்று.

பாய்லர்காரர் போட்ட சத்தத்தில், வெளியே லாரி டிரைவர் பாய்லர் வெடித்துவிட்டது என்று வண்டியை விட்டுக் குதித்தார். இன்ஜினியர் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். அக்கா சிரித்தாள். வாயைத் திறந்து, தேய்ந்த பல் அத்தனையும் தெரிய, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பதினெட்டு வருடம் பக்கத்துத் தொட்டியில் நின்றவர்களே அவளை அப்படிப் பார்த்ததில்லை.

"எத்தனை டன் குடுப்பீங்க?" என்று சோதனை அம்மா கேட்டது முதலாளியம்மாவை. ஆனால் முதலாளியம்மா திரும்பிப் பார்த்தது அக்காவை.

"ஒரு நாளைக்கு ரெண்டு கொதின்னா எவ்வளவு வரும்மா?"

"நாலு டன். இனிப்புத் தண்ணியோட சூட்டுல நல்ல தண்ணியை முன்னாடியே காய வச்சிட்டா அஞ்சு. ரெண்டும் கலக்கக் கூடாது, குழாய்க்கு இந்தப் பக்கம் அது, அந்தப் பக்கம் இது. சூடு மட்டும் கை மாறணும்."

"பாத்தீங்களா, மறுபடி யோசனை சொல்லுது" என்றார் பாய்லர்காரர், விறகு பிழைத்த நிம்மதியை மறைக்கத் தெரியாமல்.

"இந்தத் தடவை முழுசா எழுதிக் குடு" என்றார் முதலாளியம்மா. "எல்லாருக்கும் தெரிஞ்சதையும் சேத்து எழுது."

சனிக்கிழமை அலுவலகச் சுவரில், பழைய போட்டோவுக்குப் பக்கத்தில் இன்னொரு சட்டம் ஏறியது. ஒன்று, யோசனை சொன்னதற்கு. மற்றது, அது தப்பு என்று சொன்னதற்கு. ஒன்றை ஒன்று ரத்து செய்கிற இரண்டு பாராட்டுகளை அடுத்தடுத்து மாட்டி வைத்திருக்கிற ஒரே சுவர் அதுவாகத்தான் இருக்கும். அதற்குக் கீழே புதிய உத்தரவு: நெட்டையனுக்குப் பொறுப்பு இனி அக்கா. இன்ஜினியர் அதைத் தானே தட்டச்சு செய்து, கையெழுத்துக்கு நீட்டியிருந்தார்.

திங்கட்கிழமை காலை தொட்டிகளை ஏற்றிப்போகக் கொட்டகைக்கு லாரி வந்தது. தார்ப்பாயை உருவினார்கள். வாயைப் பிளந்துகொண்டு ஆறு தொட்டிகளும் வெயிலில் நின்றன. வெளிச்சத்தில் பார்த்தால் அவ்வளவு பெரிதாகவும் இல்லை. லாரியைப் பின்னால் எடுத்த டிரைவருக்கு வழி தெரியவில்லை. அக்கா நடுவாசலில் போய் நின்று, கையை உயர்த்தினாள்.

"வா, வா, வா... இன்னும் கொஞ்சம் ஒடி... பயப்படாம வாப்பா, இடிச்சா இடிக்கட்டும். எல்லாம் போறதுதான்!"